இல்லத்துக்குள் கொல்லாமை: ஊர் கூடிக் காக்கும் முறை பற்றி ஒரு பாடம்

பஞ்ச அணுவிரதங்களுள் முதலாவது யாது என்று நம் வீட்டுப் பிள்ளைகளை வினவினால், தயங்காமல் கொல்லாமை என்பர். எடுத்துக்காட்டுத் தருக என்றால், நீரை வடிகட்டிக் குடிப்பதையும், பொழுது சாயுமுன் உண்பதையும், கிழங்கு வகைகளை விலக்குவதையும், எறும்பை மிதியாது நடப்பதையும் வரிசையாகக் கூறுவர். நன்று. ஆயினும் அடுத்த அறையில் தாய் அடிபட்டு அழும் ஓசை அவர்தம் விடைகளுள் எங்கும் இடம்பெறாது. குற்றம் பிள்ளைகளுடையது அன்று. யாம் பல கோடை விடுமுறைகளில் சமய வகுப்பு நடத்தியுள்ளோம். எமது பாடக் குறிப்பிலும் அது இடம்பெற்றதில்லை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சியில் எமக்குக் கற்பித்தனர். ஆதலின் நம்மவர் அனைவரும் அறிந்த ஒன்றிலிருந்தே தொடங்குவோம்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கொல்லாமை விரதத்திற்கு நேரும் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் கொடாது தடுத்தல் என்பன அவை. இவற்றை விளக்குவோர் பெரும்பாலும் மாட்டையும் குதிரையையும் காட்டியே விளக்குவர். யாமும் அவ்வாறே விளக்கி வந்தோம். வண்டிமாட்டின் மீது அளவுக்கு மீறி மூட்டை ஏற்றலாகாது என்று கரும்பலகையில் படம் வரைந்து காட்டியதும் உண்டு. அதே ஐந்தையும் மணமாகி வந்த ஒரு பெண்ணின் வாழ்வில் வைத்துப் பாருங்கள். அறையில் வைத்துப் பூட்டுதல், கை ஓங்குதல், சூடு வைத்தல், நோயுற்ற நாளிலும் ஓயாது வேலை வாங்குதல், உண்ட கணக்குப் பார்த்தல், கைச்செலவுக்குக் காசு தராது வைத்தல். வேறு விளக்கம் வேண்டுமோ?

ஆரம்பி, உத்யோகி, விரோதி என்னும் மூவகை இம்சைகளை இல்லறத்தார் முற்றிலும் விட இயலாது. சமைக்கவும் உழவும் தற்காத்துக் கொள்ளவும் வேண்டியிருக்கிறது. ஆனால் வேண்டுமென்றே செய்யும் சங்கல்பி இம்சையை இல்லறத்தானும் முற்றாக விட்டொழிக்க வேண்டும் என்பதே நம் நெறி. மனைவியை அடிப்பது எவ்வகை? கோபத்தில் கை தவறிப் பட்டது என்பர் சிலர். அவ்வாறு கூறுவோரின் கை அலுவலகத்தில் மேலதிகாரி முன்னும், கடையில் கடன் கொடுத்தவர் முன்னும் ஒருநாளும் தவறிப் பட்டதில்லை.

ஆறு வாயில்கள்

1990களின் நடுவில் நாட்றம்பள்ளியை அடுத்த ஒரு பள்ளியில் யாம் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தி வந்தோம். ஒரு சிறுமி திங்கட்கிழமைதோறும் வரமாட்டாள். வந்த நாட்களில் பிற்பகல் வகுப்பில் உறங்கிவிடுவாள். அவள் தாய் தோல் தொழிற்சாலை ஒன்றில் காலணிக்கு மேல்தோல் தைக்கும் வேலை பார்த்தவர். விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் திரும்புவார். சனிக்கிழமை கூலி நாள். அன்றிரவு கணவர் குடித்துவிட்டுக் கூலியைக் கேட்பார். இதனைச் சிறுமியே சொன்னாள், வீட்டுப்பாடம் எழுதாததற்குக் காரணம் கேட்டபோது.

தாயை அழைத்துப் பேசினோம். முழங்கைக்குக் கீழ் வரை நீண்ட ரவிக்கை அணிந்திருந்தார். நெற்றிக் காயத்தைக் காட்டிக் கேட்டதும், "கதவு இடிச்சிட்டுது டீச்சர்" என்றார். யாம் என்ன கூறினோம் தெரியுமா? "பிள்ளைக்காகப் பொறுத்துப் போம்மா." நல்ல அறிவுரை கூறிவிட்டதாக அன்று மாலை மனநிறைவோடு வீடு திரும்பினோம். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அப்பெண் சென்ற மற்ற இடங்களையும் பிற்பாடு அறிந்தோம். பள்ளித் தலைமையாசிரியர் அது குடும்ப விஷயம் என்றார். மருத்துவமனையில், விழுந்த காயம் என்று சீட்டில் எழுதி மருந்து கட்டினர். காவல் நிலையத்தில், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிக்கொள்ளச் சொல்லினர். ஊர்ப் பெரியவர்கள் இருவரையும் எதிரெதிரே நிற்கவைத்து, இனி அடிப்பதில்லை என்று ஒரு தாளில் கணவரிடம் எழுதி வாங்கி, இனி எதிர்த்துப் பேசுவதில்லை என்று அவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தனர். பிறந்த வீட்டில் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தனர். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்றனர். எம்மையும் சேர்த்து ஆறு வாயில்கள். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் சிறுமி வரவில்லை. குடும்பம் எங்குச் சென்றது என்று எவர்க்கும் தெரியவில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்கவும் யாரும் வரவில்லை. விதிப்படி வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்தோம்.

அந்த ஆறு வாயில்களில் நின்றவர்களுள் கொடியவர் எவருமிலர். ஒவ்வொருவரும் தமக்குச் சரியெனப் பட்டதைச் சொல்லி அடுத்த வாயிலைக் காட்டினர். ஒருவர் சொன்னது மற்றவர்க்குத் தெரியாது. மருத்துவர் கண்ட காயத்தைக் காவலர் காணவில்லை. காவலரிடம் சென்றதைப் பெரியவர்கள் கேட்கவில்லை. திங்கட்கிழமைகளின் கணக்கு எம்மிடம் மட்டுமே இருந்தது. வாயில்களுக்கு இடைப்பட்ட வெளியை நன்கு அறிந்தவர் அடித்தவர் ஒருவரே.

இடைவெளியை அடைத்த ஊர்

இந்த இடைவெளியையே முதன்மைச் சிக்கலாகக் கண்டு அதனை அடைக்க முயன்ற ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சுப்பீரியர் ஏரிக்கரையில் அமைந்த துலூத் என்னும் நகரம். 1981ஆம் ஆண்டு அங்குக் காவல்துறை, அரசு வழக்கறிஞர்கள், நீதிமன்றங்கள், பெண்கள் புகலிடம், மனநல நிலையங்கள் முதலிய ஒன்பது அமைப்புகள் ஒன்றுகூடி, வீட்டில் அடிபட்ட பெண் எந்த வாயிலில் வந்து நின்றாலும் எல்லாரும் ஒரே முறையில் நடந்துகொள்வது என்று எழுத்தில் உடன்பட்டன. அவற்றை இணைக்கத் தனியே ஓர் அமைப்பும் ஏற்பட்டது. எல்லன் பென்ஸ் என்னும் பெண்மணி அதன் முன்னோடிகளுள் ஒருவர்.

அவர்கள் செய்த மாற்றம் கேட்பதற்கு எளியது. இந்தப் பெண் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறாள் என்று கேட்பதை நிறுத்தினர். இவள் இன்றிரவு பாதுகாப்பாக இருப்பாளா, அடித்தவனுக்கு அடித்ததன் விளைவு ஏதேனும் உண்டா என்னும் இரண்டையும் ஒவ்வொரு வாயிலிலும் கேட்கத் தொடங்கினர். மூன்றாண்டுகள் கழித்து, அடிபட்ட பெண்கள் பலர் கூறியவற்றைக் கேட்டு ஒரு சக்கரப் படம் வரைந்தனர். சக்கரத்தின் நடுவே அதிகாரமும் கட்டுப்பாடும். ஆரங்களில் மிரட்டல், இழிவுபடுத்தல், உறவினரிடமிருந்து பிரித்தல், பிள்ளைகளைக் காட்டி அச்சுறுத்தல், பணத்தைத் தன் கையில் வைத்தல் முதலியன. அடியும் உதையும் சக்கரத்தைச் சுற்றிய பட்டை. ஓர் ஆசிரியை என்ற முறையில் அப்படத்தை மிகவும் மெச்சுகிறோம். ஒரு நாள் விழுந்த அடியை மட்டும் பார்ப்பவர்க்கு, சக்கரம் முழுதும் சுழல்வது புலனாகாது. அடித்த ஆண்களுக்கு அங்கு நடத்திய வகுப்புகள் எந்த அளவு பயன் தந்தன என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. வாயில்களை இணைத்த முறையையோ பிற நாடுகள் பலவும் ஏற்றன.

துலூத் எங்கே, நாட்றம்பள்ளி எங்கே என்று சிலர் எண்ணலாம். ஆகவே நம் தமிழ்நாட்டுக்கே வருவோம்.

புதுக்கோட்டைப் பெண்கள்

புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் என்னும் அம்மையார் ஸ்டெப்ஸ் என்ற பெண்கள் அமைப்பை நடத்தி வந்தார். குடும்பச் சிக்கலோடு வந்த முஸ்லிம் பெண்கள் பலர் ஒரே செய்தியைச் சொன்னார்கள். அவர்தம் வழக்குகளைப் பள்ளிவாசலைச் சார்ந்த ஜமாஅத் விசாரிக்கும்; அதில் ஆண்களே அமர்வர்; வழக்குக்கு உரிய பெண் உள்ளே சென்று தன் தரப்பைக் கூறவும் இடமில்லை. அவள் வாழ்வு அவள் இல்லாத அறையில் முடிவாகிவிடும். இதற்கு மாற்றாக 2004ஆம் ஆண்டு அப்பெண்களே கூடித் தமக்கென ஒரு ஜமாஅத்தை நிறுவினர்.

தொடக்கத்தில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. சமயத்தை விட்டு வெளியேறியவர் என்றும் குடும்பத்தைப் பிரிப்பவர் என்றும் ஏசினர். அவர்கள் சமயத்தை விடவில்லை. தம் வேத நூலில் பெண்ணுக்கு உள்ள உரிமைகளை எடுத்துக்காட்டியே வாதிட்டனர். மனு வந்தால் எழுதிப் பதிவு செய்வர். ஊருக்கு நேரில் சென்று விசாரிப்பர். தேவையெனில் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உடன் செல்வர். அவ்வூர் ஆண்கள் ஜமாஅத்திடமும் பேசுவர். 2011ஆம் ஆண்டு தீபா தன்ராஜ் இவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அப்போது 12 மாவட்டங்களில் 12,000 உறுப்பினர்கள் இருந்தனர் என்றும், 8,000க்கும் மேற்பட்ட வழக்குகளைத் தீர்த்திருந்தனர் என்றும் அப்படத்தின் வழி அறிகிறோம்.

வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதியில் முஸ்லிம் அன்பர்களோடு நெடுங்காலம் அண்டை வாழ்ந்தவர் என்ற முறையில் ஒன்று கூறுவோம். அவர்கள் வீட்டுச் சிக்கலை நம்மவர் சிலர் ஏளனமாகப் பேசக் கேட்டிருக்கிறோம். நம்மிடையே குடும்ப வழக்கு வந்தால் யார் அமர்ந்து பேசுகிறார்கள்? பெண்ணின் தந்தை, மாமனார், பெரியப்பா, கோயில் காரியஸ்தர். பெண் எங்கே? சமையலறையில் வந்தவர்களுக்குக் காப்பி கலந்துகொண்டிருப்பாள். நாம் புதுக்கோட்டையிலிருந்து கற்க வேண்டியவர்களே அன்றி, அதைப் பார்த்து நகைக்கத் தக்கவர் அல்லோம்.

பழி மறைத்தல் எதுவரை?

தமிழ்ச் சமணர் சிறு சமூகம். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் ஜினாலயத்தைச் சுற்றி நம்மவர் வாழும் ஊர்கள் உண்டு. நாட்றம்பள்ளி போன்ற தொலைவிடங்களில் வேலை நிமித்தம் வந்து தங்கியவர் மிகச் சிலரே. பெண் கொடுத்தல், எடுத்தல் எல்லாம் ஒரு சிறு வட்டத்துக்குள் நடைபெறுவதால், இரு வீட்டாரும் திருமணத்துக்கு முன்பே உறவினராக இருப்பர். சமரசம் பேச வருபவரும் இருவர்க்கும் மாமாவாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். இவர் எப்படி ஒரு பக்கம் பேசுவார்? பேசினால் அடுத்த மாதம் வரும் திருமணத்தில் எந்தப் பந்தியில் அமர்வார்? இந்தச் சங்கடமே பழமொழியாக உருவெடுக்கிறது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பர். இரண்டு கையும் தட்டினால்தான் ஓசை வரும் என்பர். வீட்டுக்கு வீடு வாசற்படி என்பர். யாம் இளமையில் இம்மூன்றையும் பிறர்க்குச் சொல்லியிருக்கிறோம்.

பழமொழியைக் காட்டிலும் வலிய தடை ஒன்று உண்டு. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூகனம் ஒன்று. பிறர் குற்றத்தை வெளிப்படுத்தாது மறைத்தல். இதனை மேற்கோள் காட்டி, வீட்டுக் குற்றத்தை வெளியில் சொல்வது நற்காட்சிக்கு இழுக்கு என்று ஒரு பெரியவர் எம்மிடமே வாதிட்டார். நல்ல கேள்விதான், எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால் உபகூகனம் எதன்பொருட்டு? அறியாமையாலோ வலிமையின்மையாலோ நெறியில் தவறியவரின் பிழையால் அறத்துக்கே பழி வாராமல் காத்தல் அதன் நோக்கம். விரதத்தில் தளர்ந்தவரை ஊர் முன் நிறுத்தி இகழாதே என்பது அதன் பொருள். நடந்துகொண்டிருக்கும் இம்சையை நடந்துகொண்டே இருக்க விடுவது அதில் அடங்காது. மறைத்தால் எவர் துன்பம் குறைகிறது, எவர் துன்பம் வளர்கிறது என்று பார்த்தால் வேறுபாடு புரியும். மேலும் உபகூகனத்தை அடுத்தே ஸ்திதிகரணம் வைக்கப்பட்டுள்ளது. நிலைதளர்ந்தவரைத் தாங்கி நிறுத்துதல். முன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னதை விட்டோமானால், அடித்தவரையும் நிலைநிறுத்தியவர் ஆகோம். அவர் வினை பெருகுவதற்குத் துணை நின்றவர் ஆவோம்.

மறைப்பின் அளவையும் காண்போம். 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசிய குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறினர். நாடு முழுவதற்குமான அளவு ஏறத்தாழ 29. வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர் இந்திய அளவில் நூற்றுக்கு 14 பேர் மட்டுமே. நம்மிடையே இல்லை என்பாரை, எந்தக் கணக்கைக் கொண்டு சொல்கிறீர் என்று பணிவோடு கேட்கலாம்.

சட்டம் தந்த இணைப்பு

எமது மாணவியின் தாய் ஆறு வாயில்களில் அலைந்த காலத்தில் 498-அ பிரிவு இருந்தது. 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. (2024 ஜூலை முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகள் உள்ளன.) அனைத்து மகளிர் காவல் நிலையங்களும் 1992 முதல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டிருந்தன. ஆனால் கணவரைச் சிறைக்கு அனுப்புவதா, வீடு திரும்புவதா என்ற இரண்டே வழி இருந்தால், மூன்று பிள்ளைகளோடு நிற்பவள் எதைத் தேர்வாள்?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அடித்தல் மட்டுமன்றி, பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் செய்யும் கொடுமை, பணத்தையும் பொருளையும் தடுத்தல் ஆகியவற்றையும் அது வன்முறை என்கிறது. மேலே கூறிய ஐந்து அதிசாரங்களோடு இதை ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறோம். சம்பளம் வங்கியில் வரவானாலும் பணம் எடுக்கும் அட்டை கணவர் கையில் இருக்குமானால் அதுவும் இதில் அடங்கும். மனைவிக்கு மட்டுமன்றி, அதே வீட்டில் வாழும் தாய்க்கும், சகோதரிக்கும், கைம்பெண்ணுக்கும் இச்சட்டம் துணை. எம் வயதுடைய தாய்மார்களில் மகனிடம் அடிபடுவோர் உண்டு. அவர்கள் மருமகளிடமும் சொல்வதில்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால், கொடுமை செய்த மாமியார் போன்ற பெண்கள் மீதும் முறையிட வழி ஏற்பட்டது. 2020இல் அளித்த வேறொரு தீர்ப்பு, மாமனார் பெயரில் உள்ள வீடாயினும் அது இருவரும் வாழ்ந்த குடும்ப வீடாக இருந்தால் அதில் குடியிருக்கும் உரிமையை மருமகள் கோரலாம் என்றது. வீடு உன் பெயரிலா இருக்கிறது என்று கேட்டு நள்ளிரவில் வெளியே தள்ளுவோர் இதை அறிதல் நலம்.

எமக்கு இச்சட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி, வாயில்களுக்கு நடுவே ஓர் ஆளை அது நிறுத்தியதாகும். அவரே பாதுகாப்பு அலுவலர். மாவட்டத்தில் சமூக நலத்துறையின் கீழ்ப் பணிபுரிபவர். பெண் கூறுவதை எழுதி அறிக்கையாக்கி நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்புவதும், மருத்துவம், புகலிடம், இலவச சட்ட உதவி ஆகியவற்றுக்கு வழி செய்வதும் அவர் கடமை. மனு வந்த மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை தொடங்க வேண்டும், 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். பெரும்பாலும் அதைவிட நெடுங்காலம் ஆகிறது. எனினும் இடைக்கால உத்தரவு முன்னதாகவே பெறலாம். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அண்டை அயலார்க்கு உரிய பகுதி நான்காம் பிரிவு. வன்முறை நடப்பதாக நம்பும் எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம்; நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்கு வாராது. பாதிக்கப்பட்டவளே வந்து சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் அவள் அறியாமல் செய்வதைவிட, அவளிடம் தனியே கேட்டு அவள் விருப்பத்தோடு செய்வதே முறை. அவள் நாளை எந்த நேரத்தில் எங்கே இருப்பாள் என்பது நமக்குத் தெரியாது.

முன்பு இதற்கெல்லாம் நாட்றம்பள்ளியிலிருந்து வேலூர் சென்று வர வேண்டியிருந்தது. ஒரு நாள் கூலி போய்விடும். 2019இல் திருப்பத்தூர் மாவட்டம் பிரிந்தபின் தொலைவு குறைந்தது. 181 என்னும் மகளிர் உதவி எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். சகி என்னும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்க இடமும், மருத்துவ, சட்ட உதவியும் ஒரே கூரையின் கீழ்க் கிடைக்கும். பெண் எவராயினும் வருமானம் பாராது இலவச சட்ட உதவி பெறலாம். வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுக வேண்டும்.

நம் ஊரில் செய்யத்தக்கன

சட்டம் பாலம் கட்டியிருக்கிறது. அதில் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல ஆள் வேண்டும். ஒவ்வோர் ஊரிலும், இரு வீட்டாருக்கும் நெருங்கிய உறவு அல்லாத பெண்கள் இருவரை இதற்கெனக் குறித்து வைத்தல் நலம். நம்மவர் குறைவாக உள்ள ஊர்களில் பிற சமயத்துப் பெண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதற்குச் சாதி, சமயம் பார்ப்பது முறையன்று. பார்த்தால் ஆளும் கிடைக்காது. அவர்கள் நீதிபதிகள் அல்லர். தீர்ப்புக் கூற வேண்டா. பாதுகாப்பு அலுவலர், மகளிர் காவல் நிலையம், அரசு மருத்துவமனை, பள்ளித் தலைமையாசிரியர் ஆகியோரை அமைதியான ஒரு நாளிலேயே நேரில் கண்டு அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். நெருப்புப் பற்றிய பின் கிணறு வெட்டுவதால் பயனில்லை.

இருவரையும் எதிரெதிரே அமர்த்திப் பேசவைக்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். கணவர் முன்னிலையில் அவள் உண்மை பேசினால், அன்றிரவு அதற்கு விலை கொடுப்பாள். பேசாவிட்டால் குற்றமே இல்லை என்று பெரியவர்கள் எழுதிவிடுவர். எழுதி வாங்கும் தாளும் அத்தகையதே. அதை மீறினால் என்ன செய்வது என்று எவரும் எழுதுவதில்லை. மேலும், பெண் வீட்டை விட்டு வெளியேறும் வேளையே மிகவும் ஆபத்தான வேளை என்று இத்துறையில் உழைப்போர் அனைவரும் கூறுகின்றனர். அவள் எங்கே தங்கியிருக்கிறாள் என்பதை உறவினர் குழுவில் கைப்பேசி வழியே பரப்புவோர், நல்லது செய்வதாக எண்ணியே பெரும் தீங்கு இழைக்கின்றனர்.

மருத்துவமனைக்கு உடன் செல்பவர், காயம் எப்படி ஏற்பட்டது என்பதை விபத்துப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதச் சொல்ல வேண்டும். பின்னர் அதுவே சான்று. குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், திருமணப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றின் நகலை நம்பகமான ஒருவரிடம் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். யாம் ஆசிரியராக இருந்ததால் இன்னொன்றையும் கூறுகிறோம். பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழைத் தந்தை வாங்க விடமாட்டார் என்று அஞ்சியே பல தாய்மார் கொடுமையைப் பொறுத்துக்கொள்வர். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, எட்டாம் வகுப்பு வரை மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிப் பள்ளிகள் சேர்க்கையை மறுக்கலாகாது. இதை அறியாத பள்ளிகளும் உள்ளன. அறிந்த ஒருவர் உடன் சென்றால் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் உறவில் ஓர் இளம்பெண், கைக்குழந்தையும் ஆறு வயது மகனுமாக மாலை மங்கும் வேளையில் எம் வீட்டு வாயிலில் வந்து நின்றாள். "பெரியம்மா, இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும்" என்றாள். கழுத்தில் விரல் தடம் இருந்தது. இம்முறை யாம் அறிவுரை கூறவில்லை. எதிர்வீட்டு முஸ்லிம் அம்மையார் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கழுத்தைப் பார்த்ததும், காலை வரை காத்திருக்கக் கூடாது என்றார். மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி ஆட்டோவுக்கு ஏற்பாடு செய்தார். ஓட்டிய தம்பி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் கணவர் கழுத்தை நெரித்தார் என்றே எழுதப்பட்டது. மறுநாள் பாதுகாப்பு அலுவலரிடம் அறிக்கை. மூன்றாம் வாரத்தில், அவளை நெருங்கலாகாது என இடைக்கால உத்தரவு. சிறுவனை இங்குள்ள பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் இன்றியே சேர்த்தோம்.

உறவினர் சிலர்க்கு எம்மீது மிகுந்த வருத்தம். அவ்வாண்டு இரண்டு திருமண அழைப்பிதழ்கள் எமக்கு வரவில்லை. அப்பெண்ணின் தந்தை ஆறு மாதம் பேசவில்லை. பின்னர் ஒருநாள் பேரப் பிள்ளைகளைப் பார்க்க ஒரு கூடை மாம்பழத்தோடு வந்தார், வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கவில்லை. அவள் இப்போது ஒரு காலணித் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறாள். வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த வாய்தா வரும் மாதம் 12ஆம் நாள். செவிலியர் அம்மாவும் யாமும் காலைப் பேருந்தில் அவளோடு திருப்பத்தூர் செல்ல இருக்கிறோம்.